நான் மாற்றிச் சொன்ன பதில்கள்

சீட்டுக் குலுக்கியதில் பத்துவுக்கு மறுபடியும் வேல்ஸ் விழுந்தது.

பத்து என் சிநேகிதன். பட்டாளத்து ரக்பி டீமில் அவன் பனியன் நம்பர் பத்து. என் நம்பர் எட்டு. இன்னொருத்தன் ஒண்ணு. மூன்று பேரும் தமிழ் ஆட்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு பெங்களூரிலேயே தங்கிவிட்டோம். இன்றைக்கும் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். "படிச்சதும் எட்டு, பனியனும் எட்டு" என்று ஒண்ணு சொல்வான். சரிதான். இதை எழுத எனக்குப் பல நாள் ஆனது.

ரக்பி நம் பக்கம் அதிகம் பேருக்குத் தெரியாது. முட்டை மாதிரி பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் நிற்கிறவனுக்கு வீசக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் வீசலாம். எதிராளி கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவான். கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் வைத்தால் புள்ளி. இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்தாலும் புள்ளி. எங்கள் டீமில் உதைக்கிறவன் பத்து. அவன் உதைத்தால் நாங்கள் பந்தைப் பார்க்க மாட்டோம். எதிராளி முகத்தைப் பார்ப்போம். அதிலேயே தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் ஆறு நாடுகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மோதும். ஒவ்வொரு நாடும் மற்ற ஐந்தோடும் ஒரு தடவை. அதைத்தான் நாங்கள் வருஷா வருஷம் பார்ப்போம். லிங்கராஜபுரத்தில், பத்துவின் வீட்டில். சனிக்கிழமை முதல் ஆட்டம் நம் ஊருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வரும். அதை மட்டும் நேரடியாகப் பார்ப்போம். மற்றதை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு சுருக்கமாகப் பார்ப்போம். பத்துவின் வீடு கிறிஸ்தவ வீடு. பூசைக்குப் போகாமல் அங்கே டிவி போட முடியாது.

ஆறு சீட்டு, ஆளுக்கு இரண்டு நாடு. கடைசியாக வருகிற நாட்டுக்கு மரக்கரண்டி என்று அந்த ஊரில் கேலி செய்வார்களாம். அங்கே நிஜக் கரண்டி யாரும் தருவதில்லை. எங்களிடம் நிஜக் கரண்டி உண்டு. ஒண்ணுதான் அதை சிவாஜிநகர் மார்க்கெட்டில் வாங்கி வந்தான். யார் நாடு கடைசியோ அவன் வீட்டு அடுக்களையில் அது அடுத்த பிப்ரவரி வரை தொங்கும்.

"போன வருஷமும் இதுதானேடா" என்றான் பத்து, சீட்டைப் பார்த்துக்கொண்டு.

"கரண்டிய இறக்கவே வேணாம்டா. அங்கயே இருக்கட்டும்" என்றான் ஒண்ணு.

பத்துவின் மனைவி அடுக்களையிலிருந்து, "அத வச்சு நான் களி கிண்டிட்டேண்ணா. அடியெல்லாம் கரி" என்றாள். அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. என்னை எட்டண்ணா என்பாள். ஒண்ணு அதையும் விடமாட்டான். "எட்டணாதான். அதுக்கு மேல தேறாது."

அன்றைக்கு ஆட்டம் முடிவதற்குள் பத்து மூன்று தடவை கேட்டான், எனக்கு எந்த நாடு என்று. மூன்றாவது தடவை ஒண்ணு தங்கச்சியிடம் ஊக்கு வாங்கி, வேல்ஸ் சீட்டை அவன் சட்டைப் பையில் குத்திவிட்டான்.

"மெடல் மாதிரி போட்டுக்கோ. வேற மெடல் உனக்கு இல்ல."

சிரித்தோம். வயசாகிறது என்று நினைத்து ஒண்ணு சிரித்தான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். எனக்கு வயசு என்று தோன்றவில்லை.

பத்துவின் வீட்டு டிவிக்கு மேலே ஒரு போட்டோ. பதினைந்து பேர், முழங்கால் எல்லாம் சேறு. கோப்பை என் கையில் இருக்கிறது. நான்தான் டீம் கேப்டன். எனக்குப் பக்கத்தில் பத்து சிரித்துக்கொண்டு நிற்கிறான். கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை.

அந்த போட்டோவைப் பார்த்து ஒண்ணு வருஷா வருஷம் ஒரே கதையைச் சொல்வான். "கோப்பைய வாங்குன அன்னிக்கு இவன் ரம் அடிச்சு மட்டையாயிட்டான். லாரிலயே வாந்தி. மறுநாள் காலைல வந்து ஃபைனல் எப்படான்னு கேக்குறான்! ஃபைனலே முடிஞ்சு போச்சுடா தடியா!"

பத்து தலையைச் சொறிவான். "நெஜமா ஒண்ணும் ஞாபகம் இல்லடா. அப்படி என்ன ரம்மோ."

தங்கச்சி முறைப்பாள். நாங்கள் சிரிப்போம். முப்பது வருஷம் நான் அந்தக் கதைக்குச் சிரித்திருக்கிறேன்.

ஒண்ணு இன்னொரு விஷயமும் சொல்வான். டிவியில் ரெஃபரி ஆறரை அடி ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சார் சார் என்று நிற்பான். "பார்த்தியா. ஃபுட்பால்ல தொடாமலே உருளுறான். நம்ம ஆட்டத்துல பொய் கிடையாது."

நான் தலையாட்டுவேன்.

அந்த சீசனில் வேல்ஸ் தோற்றுக்கொண்டே போனது. அயர்லாந்தோடு ஆடியது சொந்த மைதானத்தில். பாதி ஆட்டத்தில் வேல்ஸ் முன்னால் இருந்தது. பத்து எழுந்து நின்றுவிட்டான். "இன்னிக்கு கரண்டி எறங்குதுடா" என்று ஒண்ணுவின் தொடையில் அறைந்தான். பழைய பத்து மாதிரியே இருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒருத்தன் நிமிர்ந்தபடி போய் எதிராளி தலையில் மோதினான். ரெஃபரி அவனை வெளியே அனுப்பினார். அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இப்போதெல்லாம் தலையில் பட்டால் விடமாட்டார்கள். அடிபட்டவனை உள்ளே கூட்டிப்போய் டாக்டர் சோதிப்பார். தேறாவிட்டால் அவன் திரும்ப வர முடியாது.

"நம்ம காலத்துல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, போடா ஆடுன்னுவாங்க" என்றான் ஒண்ணு.

"அப்பவும் டாக்டர் இருந்தார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போது பத்து என் பக்கம் திரும்பினான்.

"கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க" என்றான்.

ஒண்ணு வாயைப் பிளந்தான். "குடுங்களா? என்னடா திடீர்னு மரியாதை? எட்டு பெரிய மனுஷன் ஆயிட்டானா?"

பத்து கொஞ்சம் விழித்தான். பிறகு சிரித்தான். "சும்மாடா."

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். டம்ளர் நிரம்பித் தரையில் வழிந்தது. இவன் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எப்போது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்கிறேன்.

வடக்கே ஒரு ஊர். செமிஃபைனல். இரண்டாம் பாதியில் பத்து குனிந்து பந்தை எடுத்தான். ஒருத்தன் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. தேங்காய் விழுந்த மாதிரி சத்தம். எழுந்து உட்கார்ந்தான். ஆட்டம் நின்றது. டாக்டர் ஓடி வந்தார். யூனிட்டுக்குப் புதுசு, சின்ன வயசு, வடக்கத்தி ஆள். நல்ல மனுஷன். முட்டி போட்டு உட்கார்ந்து பத்துவின் முகத்தைப் பார்த்து இந்தியில் கேள்வி கேட்டார். அதற்கென்று சில கேள்விகள் உண்டு. எனக்குத் தெரியும், முன்பும் பார்த்திருக்கிறேன்.

இது எந்த மைதானம் என்றார்.

பத்துவுக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். ஆனால் அவன் தமிழில் சொன்னான். "ரேஷன் கடை. லைன்ல நிக்கிறோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்றார்.

நான் மைதானத்தின் பேரைச் சொன்னேன்.

"இவனுக்கு இந்தி தெரியாதா?"

"தெரியும் சார். ஆட்டச் சூட்டுல தமிழ்தான் வரும்."

இது முதல் பாதியா இரண்டாம் பாதியா என்றார். "வெயிலு கண்ணு கூசுது" என்றான் பத்து. இரண்டாம் பாதி என்கிறான் சார் என்றேன்.

கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்றார்.

பத்து டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

"நீங்க யாரு?" என்றான்.

"நான்தான் எடுத்தேன், அந்த உதை என்னுதுங்கிறான் சார்."

போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா என்று இன்னும் இரண்டு கேட்டார். பத்து சும்மா புன்னகை செய்தான். நானே பதில் சொன்னேன். டாக்டருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"சரி. கேப்டன் நீ. உன்னை நம்புறேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஏன் செய்தேன் என்று தங்கச்சி பிறகு கேட்டாள். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மூளை கலங்கியது என்று டாக்டர் எழுதினால் மூன்று வாரம் ஆடக் கூடாது. அப்போது அதுதான் சட்டம். ஃபைனல் எட்டு நாளில். உதைக்க வேறு ஆள் இல்லை. கோப்பையை கேப்டன் கையில்தான் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

பத்து எழுந்து ஆடினான். கடைசியில் ஒரு உதை கிடைத்தது. நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பந்துக்கு முன்னால் நிறுத்தி, "அந்த கம்பத்துக்கு நடுவுல அடி" என்றேன். அடித்தான். கால் தானாகச் செய்தது. ஜெயித்தோம்.

எட்டு நாள் கழித்து ஃபைனல். அதிலும் ஒரு தடவை விழுந்தான். அவனே எழுந்தான். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோப்பை வாங்கினோம். லாரியில் எல்லாருக்கும் ரம் ஊற்றினார்கள். பத்து கையில் டம்ளரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பிறகு வாந்தி எடுத்தான். அந்த டம்ளரை நான்தான் வாங்கி வெளியே கொட்டினேன்.

மறுநாள் ஃபைனல் எப்போது என்று கேட்டான். ஒண்ணு விழுந்து விழுந்து சிரித்தான். ரம் என்றான். எல்லாரும் ரம் என்றார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று.

அயர்லாந்து ஆட்டத்துக்கு வருகிறேன். வேல்ஸ் கடைசியில் தோற்றது. நான் கிளம்பும்போது தங்கச்சி கேட் வரைக்கும் வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேண்ணா. ஸ்கேன் எடுத்தாச்சு. டாக்டரம்மா கேக்குறாங்க, தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா, எத்தன தடவ, மயக்கம் வந்துச்சா, உளறினாரான்னு. இவருக்கு ஞாபகம் இல்ல. ஒண்ணு அண்ணாவக் கேட்டேன். ஒரு தடவ விழுந்தான், டாக்டர் பார்த்து ஒண்ணும் இல்லன்னுட்டார்னாங்க. நீங்க கேப்டன். பக்கத்துல இருந்திருப்பீங்க."

"இருந்தேன்."

"அப்ப ஒண்ணும் இல்லியா?"

"டாக்டர் பார்த்தார்மா. சரின்னுதான் சொன்னார்" என்றேன்.

வார்த்தை எல்லாம் உண்மை. சொன்னது பொய். அதை எழுதும்போது இப்போதும் என் காது சுடுகிறது.

"அப்ப இல்லைன்னே சொல்லிடறேன்" என்றாள். அவளுக்கு அது நிம்மதியா வருத்தமா தெரியவில்லை. "காரணம் எதுவும் புரியாமலே மாத்திரை குடுக்கிறாங்க. எதையாவது சொன்னா நல்லதுங்கிறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

பஸ்ஸில் அல்சூர் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

நான் இப்போது சந்தாபுரா பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. என் வேலையே கேள்வி கேட்பதுதான். யார், எந்த வீடு, எதற்கு. பதில் சரியில்லாவிட்டால் கேட்டைத் திறக்க மாட்டேன். அந்த வாரம் ஒரு கொரியர்காரன் வீட்டு நம்பரை மாற்றிச் சொன்னான். அவனை ஒரு பிடி பிடித்தேன். அவன் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். என்னோடு இருந்த கன்னடக்காரப் பையன், "ஏனாய்த்து அண்ணா?" என்று கேட்டான். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

மார்ச்சில் தவக்காலம் தொடங்கிவிட்டது. பத்துவின் வீட்டில் கறி கிடையாது. அடுத்த ஆட்டத்துக்கு ஒண்ணு கபாப் பொட்டலத்தோடு வந்தான். தங்கச்சி வாசலிலேயே மறித்தாள்.

"அது கேட்டுக்கு வெளியவே இருக்கட்டும்."

"தவம் உங்களுக்குத்தானே தங்கச்சி? எனக்கு இல்லையே."

"என் வீட்டுக்குள்ள வாசன வரக் கூடாது."

ஒண்ணு தெருவில் நின்றபடி தின்றான். ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது என்று கத்தியும் வரவில்லை. பத்து அவனுக்குத் துணையாக வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் ஒண்ணு மட்டும் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பத்து எங்க?" என்றேன்.

"எனக்கு முன்னாடியே உள்ள வந்தானே?"

நான் வெளியே ஓடினேன். இரண்டு வீடு தள்ளி ஒரு பச்சை கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவன் வீட்டு கேட் நீலம். இருபது வருஷமாக நீலம்.

"வாடா" என்று கையைப் பிடித்தேன்.

உடனே நகரவில்லை. "எட்டு, நான் ஏதாவது தப்பு பண்றேனா?"

"இல்லடா."

"எல்லாரும் என்னைக் கேள்வி கேக்குறாங்கடா. இன்னிக்கு என்ன கிழமை, காலைல என்ன சாப்ட. பரீட்ச மாதிரி. ஆஸ்பத்திரிலயும் அதான். பொண்டாட்டியும் அதான்." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நீ ஒருத்தன்தான் எதுவும் கேக்கறதில்ல. அதான் உன்கூட உக்காந்தா நல்லா இருக்கு."

நான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தேன். அன்றைய ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் நாடு ஆடியது. ஜெயித்ததா தோற்றதா என்பதையே மறுநாள் ஒண்ணு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசி சனிக்கிழமை ஒரே நாளில் மூன்று ஆட்டம். வேல்ஸ் ஆடியது இரண்டாவது. அதை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பார்த்தோம். சொந்த ஊரில், இங்கிலாந்திடம் மரண அடி. ஐந்து ஆட்டமும் தோல்வி. ஒண்ணு அடுக்களைக்குப் போய்க் கரண்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, சல்யூட் அடித்து, பத்துவிடம் கொடுத்தான்.

"வாங்கிக்க சாப். உன் சொத்து."

பத்து கரண்டியை மடியில் வைத்துக்கொண்டான். சட்டைப் பையைத் தடவினான். சீட்டு அங்கே இல்லை. "எனக்கு எந்த நாடு?" என்றான்.

ஒண்ணு இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவனுக்கும் ஏதோ உறைத்திருந்தது. ஆனால் அவனுக்குப் பேசாமல் இருக்க வராது. போட்டோவைக் காட்டி ஆரம்பித்தான். "விட்றா. நீ ஜெயிச்ச ஃபைனலே உனக்கு ஞாபகம் இல்ல. லாரில ரம் அடிச்சு..."

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

தங்கச்சி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றேன். பிறகு நானும் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது.

"டாக்டர் சரின்னு சொன்னது என்னாலதான்மா."

நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாம் சொன்னேன். ரேஷன் கடை என்று அவன் சொன்னது. வெயில் என்றது. நீங்க யாரு என்றது. நான் மாற்றிச் சொன்னது. அவனைப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தியது. எட்டு நாளில் மறுபடி ஆடவைத்தது. ரம் இல்லை என்பது. நிறைய வார்த்தை என்னிடம் இல்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவள் கை நிற்கவில்லை. ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிப் போட்டாள். அந்தக் கட்டு முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"அவர் கேட்டாரா உங்கள? என்னை ஆட விடுன்னு அவர் கேட்டாரா?"

கேட்டான் என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். எனக்கும்தான். அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"கேக்கல. நான் அவனக் கேக்கவும் இல்ல."

"போன மாசம் கேட்ல வச்சு கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"அந்த டாக்டரம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன்ணா. சத்தியம் பண்ணாத குறையா." இப்போதுதான் குரல் உடைந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன்?" என்றாள்.

கோப்பைக்கு என்றேன்.

ஹாலில் டிவி சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்தேன். ஒண்ணு அடுக்களை வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"அப்ப ரம்மு?" என்றான்.

"அவன் குடிக்கல."

"முப்பது வருஷமா சொல்றேனேடா. நீயும்தான கூடச் சிரிச்ச?"

நான் தலையாட்டினேன்.

"என்னையும் சேத்துப் பொய்யனாக்கிட்டியேடா" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போனது அதுதான் முதல் தடவை. போட்டோவைப் பற்றிய கதையை அதற்குப் பிறகு அவன் சொல்வதில்லை.

நான் கிளம்பும்போது பத்து நாற்காலியில் தூங்கிப்போயிருந்தான். கரண்டி மடியில் இருந்தது. தங்கச்சி என் பின்னால் வந்து நின்றாள்.

"புதன்கிழமை ஆஸ்பத்திரி. நீங்க வரணும். எங்கிட்டச் சொன்னத டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"வர்றேன்."

அண்ணா என்று அவள் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். டாக்டரம்மா கன்னடக்காரர். எனக்குக் கன்னடம் வேலைக்கு ஆகிற அளவு வரும். பத்துவையும் தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். தேதி கேட்டார். வருஷமும் மாசமும் சொன்னேன். உளறினாரா என்றார். என்ன உளறினான் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் என்றார். ஆட்டம் முடிகிறவரை என்றேன். பத்து சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கன்னடம் தெரியும். கேட்டானா, காதில் விழுந்ததா, தெரியவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அதனால்தான் இது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் தெரிந்தது நல்லது என்றார். மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்றார். என்னைத் திட்டவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்றதை நான் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை. முழங்கால் பட்ட சத்தத்தை நான் கேட்டவன்.

பிறகு பத்துவின் பக்கம் திரும்பி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார். இது எந்த இடம் என்று கன்னடத்தில் கேட்டார்.

பத்து தமிழில் சொன்னான். "ஆஸ்பத்திரி. அதான் வாசன வருதே."

டாக்டரம்மா தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. அவர் சொல்றத அப்படியே சொல்லுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி என்கிறார், வாசனை வருகிறது என்கிறார் என்றேன்.

இது என்ன மாசம் என்றார்.

பத்து யோசித்தான். விரலை மடக்கினான், நிமிர்த்தினான். நெற்றி வேர்த்தது. என்னைப் பார்த்தான். மார்ச் என்கிற வார்த்தை என் வாய்க்குள் வந்து நின்றது. ஒரு மூச்சு விட்டால் வெளியே விழுந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

"வேல்ஸ் தோத்த மாசம்" என்றான்.

தங்கச்சி சிரித்துவிட்டாள். சிரிப்பிலேயே அழுதாள். வேல்ஸ் தோற்ற மாசம் என்கிறார் மேடம் என்றேன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

பிறகு பேனாவால் என்னைக் காட்டினார். இவர் யார்?

பத்து திரும்பி என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்த மைதானத்தில் பார்த்த மாதிரியே. நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அதுவும் ஒரு ஜாடை ஆகிவிடும்.

"இவனா? எட்டு" என்றான். "டாக்டர்கிட்ட எல்லாம் இவன்தான் பேசுவான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றார்.

அதையும் அப்படியே சொன்னேன்.